கமிட்டி ஒப்புக்கொண்ட பிறகு நடப்பவை

அறக்கட்டளை ஒன்றின் முதலீட்டுக் குழுவில் வேலை என்று சொன்னதும், "அப்படியா, இப்போ எதை வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. எதை வாங்குவது, எதை விற்பது என்று முடிவுசெய்பவர்கள் வேறு. அவர்கள் முடிவுசெய்ததை நடத்திக்கொடுப்பது என் வேலை. ஒப்பந்தப் படிவங்கள், கையெழுத்துகள், பணம் அனுப்புவது, கணக்கை ஒத்துப்பார்ப்பது, ஆடிட்டருக்குப் பதில் சொல்வது, கமிட்டிக் கூட்டம், வரிப் படிவம், பயண ஏற்பாடு என்று எல்லாம் ஒரே மேசைக்கு வரும். பெரிய அறக்கட்டளைகளில் இதற்கென்று தனிப் பிரிவே உண்டு. சிறிய இடங்களில் ஒருவர், அதிகம் போனால் இருவர்.

முதலீட்டுக் கமிட்டி ஒரு புதிய ஃபண்டுக்கு, அதாவது பலருடைய பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதிக்கு, ஒப்புதல் தர ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த ஒப்புதலுக்கும் பணம் உண்மையிலேயே வேலை செய்யத் தொடங்குவதற்கும் நடுவே வாரக்கணக்கில் காகித வேலை இருக்கிறது. நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில்தான் முளைத்தன. தவறான முதலீட்டைத் தேர்ந்தெடுத்ததால் வந்த தலைவலியைவிட, சரியான முதலீட்டைச் சரியாக நடத்தாததால் வந்த தலைவலியே அதிகம்.

முதலில் படிவங்கள். தனியார் ஃபண்டில் சேர வேண்டுமென்றால் நூறு பக்கத்தை எட்டும் சந்தா ஆவணம், அதாவது சேர்வதற்கான ஒப்பந்தப் படிவம், வரும். அதில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும்: "இந்த நிறுவனத்தில் 25 சதவீதத்துக்கு மேல் உரிமை உள்ள நபர்கள் யார்?" அறக்கட்டளைக்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது. அப்படி எழுதி அனுப்பினால், "சரி, கட்டுப்பாடு யார் கையில்?" என்று அடுத்த மெயில் வரும். அறங்காவலர்களின் பாஸ்போர்ட் நகல், வீட்டு முகவரிச் சான்று எல்லாம் கேட்பார்கள். சம்பளம் வாங்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து உட்காரும் பெரியவர் ஒருவரிடம் போய் உங்கள் மின்கட்டண ரசீதைக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்கும் கேள்வி நியாயமானதுதான், பணமோசடித் தடுப்புச் சட்டங்கள் கேட்கச் சொல்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாகப் போய் நின்றால் இரண்டாவது முறையே அவர் முகம் மாறும்.

அதனால் ஒரு மூலக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளையின் பதிவு ஆவணம், வரிவிலக்குக் கடிதம், கையெழுத்து அதிகாரம் உள்ளவர்களின் பட்டியல், அதற்கு அதிகாரம் தந்த தீர்மானத்தின் நகல், சான்றளிக்கப்பட்ட அடையாள ஆவணங்கள், வரி நிலைப் படிவங்கள், எல்.இ.ஐ. எனப்படும், நிறுவனங்களுக்கான 20 எழுத்து அடையாளக் குறியீடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் காலாவதித் தேதியை எழுதி வையுங்கள். எல்.இ.ஐ. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. புதுப்பிக்காமல் விட்டால், அவசரமாக ஒரு பரிவர்த்தனை நடக்கவேண்டிய நாளில்தான் அது தெரியவரும். பாஸ்போர்ட்டும் அப்படியே.

இந்தக் கோப்பில் எளிதில் பழையதாகிப் போவது கையெழுத்துப் பட்டியல். ஒரு அறங்காவலர் ஓய்வு பெறுவார், பூங்கொத்து கொடுப்பார்கள், நன்றித் தீர்மானம் போடுவார்கள். அவருடைய பெயர் மட்டும் வங்கியிலும், நம் சொத்தைக் காப்பில் வைத்திருக்கும் கஸ்டோடியனிடமும், ஒவ்வொரு ஃபண்டின் கணக்கையும் பார்க்கும் நிர்வாகியிடமும் அப்படியே இருக்கும். விடைபெற்ற மனிதர் அவர்களுடைய பதிவுகளில் இன்னும் பணம் அனுப்பும் அதிகாரத்தோடு இருப்பார். வருடத்துக்கு ஒருமுறை எல்லா இடங்களிலிருந்தும் அவர்களிடம் உள்ள பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "நாங்கள் மாற்றம் அனுப்பிவிட்டோம்" என்பது போதாது. அவர்கள் ஏற்றிவிட்டார்களா என்பதே கேள்வி.

இனி கேப்பிடல் கால். இந்த வேலையின் மையமே இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தனியார் பங்கு ஃபண்ட் (சந்தையில் பட்டியலிடாத நிறுவனங்களில் முதலீடு செய்வது), வென்ச்சர் ஃபண்ட் (புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் முதலீடு செய்வது) போன்றவற்றில் சேரும்போது முழுப் பணத்தையும் கொடுப்பதில்லை. இவ்வளவு தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறோம், அதுதான் கமிட்மென்ட். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்கள் தேவைப்படும்போது நோட்டீஸ் அனுப்பிக் கேட்பார்கள், நாம் அனுப்ப வேண்டும். அப்படிக் கேட்பதுதான் கேப்பிடல் கால். பெரும்பாலான ஒப்பந்தங்களில் பத்து வேலைநாள் அவகாசம். அதற்குள் பணம் போய்ச் சேராவிட்டால் வட்டி, அதற்கும் மேல் போனால் ஏற்கெனவே போட்ட பங்கில் ஒரு பகுதியை இழப்பது வரை தண்டனை எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை முதலீட்டுப் பகுப்பாய்வாளர்கள் வாசிப்பது அபூர்வம். நீங்கள் வாசித்துவிடுங்கள்.

பத்து நாள் போதுமே என்று தோன்றும். நோட்டீஸ் யாருக்கு வருகிறது என்று பாருங்கள். ஃபண்டில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட அதிகாரியின் தனி மெயிலுக்கு வரும். அவர் பயணத்தில் இருப்பார். அல்லது நோட்டீஸ் ஏதோ ஒரு போர்ட்டலில் ஏறியிருக்கும், "உங்களுக்கு ஒரு ஆவணம் வந்துள்ளது" என்ற ஒற்றை வரி மட்டும் மெயிலில் வந்து குப்பைப் பெட்டிக்குள் போயிருக்கும். எல்லா ஃபண்டுகளுக்கும் குழுவின் பொது மெயில் முகவரி ஒன்றை மட்டுமே கொடுங்கள். அதை இருவராவது தினமும் திறந்து பார்க்க வேண்டும். இவ்வளவு எளிய ஏற்பாட்டைச் செய்யாத இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

நோட்டீஸ் வந்தால் என்ன பார்க்க வேண்டும்? கேட்ட தொகை நம் கமிட்மென்டுக்கு உரிய பங்குதானா, மீதமுள்ள கமிட்மென்ட் நம் கணக்கோடு ஒத்துப்போகிறதா, நிர்வாகக் கட்டணம் ஒப்பந்தத்திலோ நமக்கென்று எழுதி வாங்கிய சைடு லெட்டரிலோ உள்ளபடி இருக்கிறதா, வங்கிக் கணக்கு முன்பு அனுப்பியதேதானா. சைடு லெட்டரில் கட்டணச் சலுகை வாங்கிவிட்டு, அது நோட்டீஸில் பிரதிபலிக்கிறதா என்று யாரும் பார்க்காமலே இருப்பது சாதாரணமாக நடக்கிறது. சலுகையை வாதாடிப் பெற்றவர் அடுத்த ஃபண்டுக்குப் போய்விட்டார். அதைக் காப்பாற்ற வேண்டியது நாம்.

சில நோட்டீஸ்கள் இன்னும் சுற்றிவளைக்கும். ஒரே காகிதத்தில் பணமும் கேட்பார்கள், லாபத்தையும் பங்கிடுவார்கள், இரண்டையும் கழித்து நிகரத் தொகையை மட்டும் அனுப்பச் சொல்வார்கள். வங்கியில் போவது நிகரம்தான். நம் புத்தகத்தில் இரண்டும் தனித்தனியாக ஏற வேண்டும், இல்லாவிட்டால் மீதமுள்ள கமிட்மென்ட் தவறாகிவிடும். திரும்ப வந்த பணத்திலும் ஒரு பகுதியை "மறுபடி கேட்போம்" என்று குறித்திருப்பார்கள். அது வருமானம்போலத் தெரியும், ஆனால் கடன்போல நடந்துகொள்ளும்.

வங்கி விவரம் மாறியிருந்தால் வேலை அங்கேயே நின்றுவிட வேண்டும். மெயில் வழியே நடக்கும் பண மோசடிகளில் பல இதே வடிவம்தான்: தெரிந்த பெயர், தெரிந்த லோகோ, புதிய கணக்கு எண், கொஞ்சம் அவசரம். விதி ஒன்றே ஒன்று. ஏற்கெனவே நம் கோப்பில் உள்ள தொலைபேசி எண்ணில், நமக்குத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, கணக்கு எண்ணை அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். நோட்டீஸில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டவர் யார், யாரிடம் பேசினார், எந்த நேரம் என்று எழுதி வைக்க வேண்டும். பணம் அனுப்பும் உத்தரவை வங்கியில் ஏற்றுபவர் ஒருவர், அதை விடுவிப்பவர் இன்னொருவர்.

ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை அப்படி ஒரு நோட்டீஸ் வந்தது. கணக்கு எண் புதிது, கடைசி நாள் திங்கள். கோப்பில் இருந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. முதலீட்டு அதிகாரிக்கு அந்த ஃபண்ட் மேலாளரைப் பல வருடமாகத் தெரியும், "அவங்கதாம்பா, அனுப்பிடு" என்றார். நான் அனுப்பவில்லை. திங்கள் காலை ஆள் கிடைத்தார். வங்கியை மாற்றியது உண்மைதான், மோசடி ஏதும் இல்லை. பணம் அன்றே போனது, அதிகாரி இரண்டு நாள் என்னிடம் கொஞ்சம் சுருக்கமாகவே பேசினார். இந்தச் சோதனை ஒவ்வொரு முறையும் திருடனைப் பிடிக்காது. பெரும்பாலும் எதையும் பிடிக்காது. அந்தச் சங்கடத்தைத் தாங்கிக்கொள்ளும்படி மேலிடம் உங்களுக்கு எழுத்தில் பாதுகாப்புத் தர வேண்டும். தலைமை அதிகாரி சொன்னாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது என்று கொள்கையிலேயே இருந்தால், அது தனிப்பட்ட சண்டையாக மாறாது.

பணம் அனுப்புவது ஒரு பக்கம். அனுப்பும் நாளில் பணம் இருக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். அறக்கட்டளையில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது, ஏனென்றால் அதே தொட்டியிலிருந்துதான் நன்கொடைகளும் போகின்றன. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்தின் சராசரி மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். அந்த ஆண்டுக்கான தொகையை அடுத்த ஆண்டு முடிவதற்குள் கொடுக்காவிட்டால், கொடுக்காத தொகைமீது 30 சதவீத அபராத வரி. அப்படி நிலையான சதவீதம் இல்லாத நாடுகளிலும் வாக்குக் கொடுத்த நன்கொடையை நிறுத்த முடியாது. மறுமுனையில் இருப்பது ஒரு மருத்துவமனைத் திட்டமோ பள்ளியோ.

2008 நிதி நெருக்கடியை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். சந்தை சரிந்தது, தனியார் ஃபண்டுகளிலிருந்து பணம் திரும்பி வருவது ஏறக்குறைய நின்றது, கேட்பது மட்டும் நிற்கவில்லை. உலகத்தின் மிகப்பெரிய பல்கலைக்கழக நிதியை வைத்திருக்கும் ஹார்வர்டே அந்த டிசம்பரில் 250 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டது. சொத்து இருந்தது, கையில் எடுக்கக்கூடிய பணமாக இல்லை.

எனவே ஒரு பணவரவுத் தாள் வேண்டும். அடுத்த பன்னிரண்டு மாதம், முதல் மூன்று மாதத்துக்கு வாரவாரியாக. இடப்பக்கம் நன்கொடைத் தவணைகள், சம்பளம், வரி, எதிர்பார்க்கும் கேப்பிடல் கால்கள். வலப்பக்கம் எந்தச் சொத்து எத்தனை நாளில் பணமாகும் என்பது. அமெரிக்கச் சந்தையில் 2024 மே 28 முதல் பங்கை விற்றால் அடுத்த வேலைநாளில் பணம். ஹெட்ஜ் ஃபண்டிலோ (பல உத்திகளில் முதலீடு செய்யும், கட்டுப்பாடு குறைந்த தனியார் ஃபண்ட்) பெரும்பாலும் காலாண்டு முடிவில்தான் வெளியேறலாம், அதற்கும் 60 அல்லது 90 நாள் முன்பே எழுதித் தர வேண்டும், அப்படியும் ஐந்து முதல் பத்து சதவீதத்தை ஆண்டு ஆடிட் முடியும்வரை பிடித்து வைப்பார்கள். "விற்றுவிட்டால் போச்சு" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் இந்தத் தாளை நீட்டலாம்.

தாளின் இடப்பக்கத்தை நிரப்ப நன்கொடைக் குழுவோடு பேசியாக வேண்டும், அதுதான் கடினம். பல இடங்களில் பணத்தைப் பெருக்குபவர்களும் கொடுப்பவர்களும் தனித்தனி உலகம். கேட்ஸ் அறக்கட்டளை 2006-இல் சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டையும் நன்கொடை தரும் அமைப்பையும் சட்டப்படியே பிரித்தது. பிரிப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. "இந்த ஆண்டு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் பயனில்லை, அது பட்ஜெட்டில் இருக்கிறது. "எந்த வாரம், நிபந்தனை நிறைவேறாவிட்டால் எவ்வளவு தள்ளிப்போகும்?" என்று கேளுங்கள். முதல் சில மாதம் எரிச்சல்படுவார்கள். பிறகு அவர்களே முன்கூட்டி மெயில் அனுப்பத் தொடங்குவார்கள், ஏனென்றால் டிசம்பர் கடைசி வாரத்தில் தங்கள் தவணை தாமதிக்காமல் போவதைப் பார்த்திருப்பார்கள்.

அடுத்து, நிர்வாகம் பார்ப்பவர்கள் ஃபண்டைத் தேர்ந்தெடுப்பதில் தலையிடலாமா என்ற கேள்வி. தலையிட வேண்டும் என்பது என் கட்சி. முதலீட்டாளர்களின் பணத்தைப் பல ஆண்டுகள் ஏமாற்றிய அமெரிக்க நிதி மேலாளர் பெர்னார்ட் மேடாஃப் 2008 டிசம்பர் 11 அன்று கைதானபோது பல அறக்கட்டளைகளின் பணம் அவரிடம் இருந்தது. பிக்கவர் அறக்கட்டளையும் ஜெஹ்ட் அறக்கட்டளையும் அதன் விளைவாக மூடவே நேர்ந்தது. அந்த மோசடியின் அடையாளங்கள் பல பங்குச் சந்தை அறிவு தேவைப்படாதவை. சொத்தைக் காப்பில் வைத்திருந்ததும் வியாபாரம் செய்ததும் அவருடைய நிறுவனமே. அவ்வளவு பெரிய தொகைக்குக் கணக்குச் சரிபார்த்தது பெயர் தெரியாத மிகச் சிறிய ஓர் அலுவலகம். லாபம் எப்படி வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டியிருக்கலாம். பணம் யார் கையில் இருக்கிறது என்று கேட்க அது வேண்டியதில்லை.

ஒப்புதலுக்கு முன்பே என் பக்கத்திலிருந்து கேட்கும் கேள்விகள் இவை: சொத்து யாரிடம் இருக்கிறது? மதிப்பைக் கணக்கிடும் நிர்வாகி மேலாளரிடமிருந்து தனியானவரா? ஆடிட்டர் யார், அவருக்கு இந்த அளவு ஃபண்டைப் பார்த்த அனுபவம் உண்டா? ஃபண்டிலிருந்து பணம் வெளியே போக எத்தனை பேர் கையெழுத்து, அதில் ஒருவராவது வெளியாளா? பதிலை மேலாளரிடம் வாங்கிக்கொண்டு அத்தோடு விடாதீர்கள். நிர்வாகியையும் ஆடிட்டரையும் நேரடியாக அழைத்து, இந்த ஃபண்ட் உங்கள் வாடிக்கையாளரா என்று உறுதிசெய்யுங்கள். அரை மணி நேர வேலை. லாப விகிதத்தில் மயங்கிய குழு இதைத் தாமதம் என்று நினைக்கும். அதனால்தான் நிர்வாகப் பக்கத்துக்கு "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும், அந்தக் குறிப்பு கமிட்டிக்குத் திருத்தப்படாமல் போக வேண்டும்.

மதிப்பீடுகளைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தனியார் ஃபண்டுகளின் காலாண்டு அறிக்கை வர ஒன்றரை, இரண்டு மாதமாகும். ஆண்டு முடிவு அறிக்கைக்கு மூன்று, நான்கு மாதம். ஆகவே கமிட்டி பார்க்கும் "மொத்தச் சொத்து" என்ற எண் எப்போதுமே பல தேதிகளின் கலவை. நான் செய்வது ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் மதிப்பின் தேதியைப் போடுவது. சந்தை வேகமாக விழும் காலத்தில் தனியார் ஃபண்ட் மட்டும் உறுதியாக நிற்பதுபோலத் தோன்றும். தேதியைப் பார்த்தால் அது இன்னும் பழைய மாதத்தில் நிற்பது தெரியும். கஸ்டோடியனின் எண், ஃபண்டின் எண், நம் புத்தகத்தின் எண் மூன்றையும் மாதந்தோறும் ஒத்துப்பாருங்கள். ஆண்டு முடிவில் ஒரேயடியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறப்போட்டால், எந்த மாதத்தில் பிரிந்தது என்று தேடியே ஆடிட் காலம் போய்விடும்.

வரியிலும் இதே தாமதம்தான். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் காலண்டர் ஆண்டுக்கான 990-பிஎஃப் என்ற ஆண்டு வரிப் படிவத்தை மே 15-க்குள் தாக்கல்செய்ய வேண்டும். ஃபண்டுகள் அனுப்பும் கே-1 படிவங்களோ (ஃபண்டின் வருமானத்தில் நம் பங்கைச் சொல்பவை) அதற்குப் பின்னும் வந்துகொண்டிருக்கும். எனவே ஆறு மாத நீட்டிப்பு கேட்பது வழக்கமாகிவிட்டது. நீட்டிப்பு படிவத்துக்கு மட்டுமே, வரி கட்டுவதற்கு இல்லை. நிகர முதலீட்டு வருமானத்தின்மீது 1.39 சதவீத வரியை மதிப்பிட்டு முன்பே கட்டிவிட வேண்டும். படிவத்தை யார் அனுப்பினார்கள், யார் இன்னும் அனுப்பவில்லை என்ற பட்டியலைப் பிப்ரவரியிலேயே தொடங்குங்கள்.

கூட்டக் குறிப்பு எழுதுவதை ஏதோ எழுத்தர் வேலை என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். யார் என்ன பேசினார் என்பதை வரிக்குவரி எழுதாதீர்கள். முடிவு, அதற்கான காரணம், யார் ஆர்வ முரண் (அந்த முடிவில் தனக்கும் நலன் இருப்பது) காரணமாக வெளியே போனார், ஒப்புதலுக்கு என்ன நிபந்தனை என்ற நான்கும் போதும். கடைசியில் சொன்னதுதான் தொலையும். "கட்டணத்தைக் குறைத்தால் சரி", "ஃபண்டை நடத்தும் முக்கியக் கூட்டாளி விலகினால் நமக்குத் தகவல் வர வேண்டும்" என்று கமிட்டி சொல்லியிருக்கும். மூன்று வாரம் கழித்து எல்லோருக்கும் நினைவில் இருப்பது "ஒப்புதல்" மட்டும். நிபந்தனைகளைத் தனித் தாளில் எடுத்து எழுதி, அது நிறைவேறியதற்கான ஆதாரம் இல்லாமல் கையெழுத்துக்கு ஆவணத்தை அனுப்பாதீர்கள்.

மென்பொருள் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஃபண்டுகள் கொஞ்சமாக இருக்கும்வரை ஒழுங்காக வைத்த எக்செல் போதும். எண்ணிக்கை பெருகினால் தனி மென்பொருள் தேவைப்படும், ஆனால் குழப்பமான பட்டியலை விலையுயர்ந்த மென்பொருளில் ஏற்றினால் விலையுயர்ந்த குழப்பம் கிடைக்கும். முதலில் ஃபண்டுகளின் சட்டப் பெயரைச் சரியாக எழுதப் பழகுங்கள். ஒரே மேலாளரின் மூன்றாவது ஃபண்டும் நான்காவது ஃபண்டும் ஒரு ரோமன் எண்ணில்தான் வேறுபடும், பணம் போகும் கணக்கு வேறு.

இந்த வேலையைத் தனியாகச் செய்பவர்கள் விடுப்பே எடுப்பதில்லை, அதைப் பெருமையாகவும் சொல்வார்கள். வங்கிகள் பலவற்றில் பணத்தைக் கையாளும் ஊழியர் ஆண்டில் தொடர்ந்து சில நாள் விலகி இருந்தே ஆக வேண்டும் என்ற விதி உண்டு. முறைகேடு வெளிப்படுவதற்காக வைத்த விதி அது. நம் இடத்தில் வேறு ஒரு பயனும் கிடைக்கிறது. நான் விடுப்பில் போனபோது, எழுதி வைத்த வழிமுறைகளை மட்டும் வைத்துக்கொண்டு சக ஊழியர் ஒரு கேப்பிடல் காலை முடித்தார். திரும்பி வந்தபோது அந்தத் தாள்களின் ஓரம் முழுக்கக் கேள்விக்குறிகள். "இது எந்தப் போர்ட்டல்?", "இவர் இல்லாவிட்டால் யார்?" அந்த ஓரக் குறிப்புகளை வைத்துத்தான் இப்போதைய கையேடு எழுதப்பட்டது.

புதிதாக இந்த வேலையில் சேர்பவர் முதல் வாரத்திலேயே மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: மீதமுள்ள கமிட்மென்ட்களின் பட்டியல், நடப்பில் உள்ள கையெழுத்துப் பட்டியல், வங்கி விவரத்தை உறுதிசெய்ய ஒவ்வொரு ஃபண்டிலும் கூப்பிட வேண்டிய ஆளின் பெயரும் எண்ணும். முதலிரண்டும் ஏதோ ஒரு வடிவில் கிடைத்துவிடும். மூன்றாவது பெரும்பாலும் ஒருவருடைய கைபேசியில் மட்டுமே இருக்கும். அதை வாங்கி, ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுப் பார்த்துக் கோப்பில் ஏற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.